மூக்கின் மேல் ஒரு கேமரா

லேப்டாப் திரையில் ஒரு கை சுடச்சுட போண்டாவை எடுத்தது. தேங்காய்ச் சட்னியில் அதை முக்கி, நேராகத் திரையை நோக்கிக் கொண்டுவந்தது. அந்தக் கையில் கிடந்த மோதிரம் முருகவேலின் விரலிலும் கிடந்தது.

"எங்க வீட்ல சட்னின்னு ஒண்ணு அரைப்பாங்க, கன்னியம்மா," என்றது திரை, அவருடைய குரலிலேயே. "வெள்ளையா இருக்கும். அதுக்கு மேல அதப்பத்தி சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

முருகவேல் லேப்டாப்பை மூடிவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார். வீட்டில் யாருமில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மனைவி ரேவதி, தாலுக்கா ஆபீஸ் தோழிகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு இந்தப் படத்தைப் பார்க்கத்தான் போயிருந்தாள்.

முருகவேல் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். சினிமா என்றால் உயிர். டைரக்டர் என்ன நினைத்து எடுத்தாரோ அதுதான் படம் என்பது அவர் கட்சி. பார்க்கிறவளுக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் படம் என்பது ரேவதி கட்சி. கல்யாணமான நாளிலிருந்து எந்தத் தியேட்டரிலிருந்து திரும்பினாலும் வழியெல்லாம் இதே சண்டைதான்.

சமீபத்தில் அவர் ஒரு கேமரா கண்ணாடி வாங்கினார். பார்வைக்குச் சாதாரண மூக்குக்கண்ணாடி. காதோரம் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால், பார்ப்பதும் பேசுவதும் பதிவாகும். அதைப் போட்டுக்கொண்டு கிரிவலப் பாதையில் விடியலை எடுத்தார். 'எதிரே மலை' என்று பெயர் வைத்தார். ஊர் திரைப்படச் சங்கம் நடத்தும் குறும்பட விழாவுக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

"ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுக் குடுங்க," என்றாள் ரேவதி.

"எடுத்தது நான். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. விடியல் முடிந்ததும் நிறுத்துவதற்காக அழுத்திய பொத்தான் சரியாக அமுங்கவில்லை. அதன்பிறகு அவர் ஆட்டோவில் ஏறியதும், அடி அண்ணாமலையில் இறங்கியதும், கன்னியம்மாள் போண்டாக் கடையில் உட்கார்ந்ததும் அச்சுப் பிசகாமல் பதிவாகியிருந்தன. ரேவதியைப் பொறுத்தவரை, சர்க்கரை குறைவதற்காக அவர் ஞாயிறுதோறும் மலையை முழுசாகச் சுற்றி நடந்துவிட்டு வருகிறவர்.

லேப்டாப்பை மூடிய கையோடு அவர் சங்கச் செயலாளர் ஆதிமூலத்துக்குப் போன் போட்டார்.

"சார், என் படத்தப் போட வேணாம்."

"ஏங்க?"

"நான் நினைச்சது ஒண்ணு. வந்திருக்கறது வேற."

"பெரிய டைரக்டருங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க," என்று நெகிழ்ந்துபோய்ப் போனை வைத்தார் ஆதிமூலம்.

முருகவேல் பைக்கை எடுத்துக்கொண்டு விழா நடக்கிற கல்யாண மண்டபத்துக்குப் பறந்தார். வாசலிலேயே ஆதிமூலத்தைப் பிடித்து, வழியில் யோசித்து வைத்திருந்த காரணத்தைச் சொன்னார்.

"பிரைவசி பிரச்சன சார். கண்ணாடில கேமரா இருக்குன்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியாது. கேக்காம எடுத்துட்டேன். கேஸ் போட்டாலும் போடுவாங்க."

ஆதிமூலத்தின் முகம் மலர்ந்தது. நேராக மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

"அடுத்து வர்ற படத்துல இருக்கறவங்க யாருக்கும் தாங்க படத்துல இருக்கோம்னே தெரியாது. எடுத்தவரே பயந்துபோயி நிறுத்தச் சொல்ற படம். அந்தக் கேமரா இப்பவும் அவர் மூக்குமேலதான் இருக்கு."

வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டம் முழுதும் உள்ளே வந்தது. வந்தவர்கள் முருகவேலைப் பார்த்தார்கள். ஒருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். இன்னொருவர் கொட்டாவியைப் பாதியில் விழுங்கினார். முன்வரிசை அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "இப்ப எடுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்கம்மா."

"அத எப்பிடி நாங்க நம்பறது?"

நியாயமான கேள்விதான். முருகவேல் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். அதோடு பார்வையும் போயிற்று. அதில்தான் அவருடைய பவரும் இருந்தது. படம் ஓட்டுகிற ஆபரேட்டரையாவது கெஞ்சலாம் என்று தடவிக்கொண்டே பின்பக்கம் போனார். ஏதோ மெஷின் பக்கத்தில் ஓர் உருவம் நின்றது.

"தம்பி, உன்ன என் புள்ளையா நினைச்சு கேக்கறேன். என் படத்த மட்டும் ஓட்டாத. என் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடும்."

"இத அப்பிடியே இந்த மைக்ல இன்னொரு தடவ சொல்லுங்க சார்," என்றது உருவம். அது உள்ளூர் கேபிள் டிவிக்காரர்.

விளக்குகள் அணைந்தன. முருகவேல் வெளியே ஓடிப்போய்ச் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே முதலில் கூச்சல் கேட்டது. விசில் பறந்தது. பிறகு எல்லாம் அடங்கிற்று. திடீரென்று சிரிப்பு. அது சட்னியாகத்தான் இருக்க வேண்டும். கடைசியில் கைத்தட்டல் அடைமழை மாதிரி கொட்டியது.

முதலில் வெளியே வந்த ஆதிமூலம் அவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் பாத்துட்டு, டபக்குனு வாயில போட்டுக்கறானே அந்த ஆளு, அதுல மனுச ஜென்மமே அடங்கிப்போச்சு சார். கேமராவ மேல, கடவுள் நின்னு பாக்கற எடத்துல வெச்சீங்க பாருங்க, அங்கதான் நீங்க ஜெயிச்சிட்டீங்க."

கேமரா இருந்தது மூக்கின்மேல். ஆனால் விமர்சனம் செய்கிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று முருகவேல் விட்டுவிட்டார். அவருடைய கவலையெல்லாம் பின்னால் வந்த ரேவதிதான்.

"எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு மனசு கேக்கல," என்றாள் அவள். "அந்த ஆளுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா இல்ல? ஒளிஞ்சு திங்கறத ஊருக்கே போட்டுக் காட்டுனா, நாளைக்கு அவ ஆபீஸுக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போவா?"

கோபம் தலைக்கேறினால் ரேவதி அவரை 'அந்த ஆளு' என்றுதான் சொல்வாள்.

"ரேவதி, தப்புதான். சத்தியமா இனிமே போண்டாவத் தொடமாட்டேன்."

"போண்டாவா?"

"சரி, வடையும்தான். நான் ஒரு ஞாயித்துக்கிழமகூட முழுசா நடந்ததில்ல. ஆட்டோல போயி ஆட்டோலயே வந்துடுவேன்."

"அப்ப கால்ல இருந்த தூசி?"

"தெருமுனைல எறங்கி நானே பூசிக்குவேன். சட்னியப் பத்தி சொன்னது, கன்னியம்மா மனசு சந்தோசப்படட்டுமேன்னு சும்மா சொன்னது. உன் சட்னி வெள்ளையா இருக்குன்னு மட்டுந்தான் சொன்னேன்."

ரேவதி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீங்க நல்லபடியா நடக்கணும்னு அண்ணாமலையாருக்கு வேண்டிக்கினு காப்பிய விட்டவ நானு," என்றாள். "தெனமும் தலவலியோட வேலைக்குப் போறேன். நீங்க என்னா நினைச்சு செஞ்சீங்க, எனக்கு என்னா தோணுதுன்னு வூட்டுக்குப் போயி பேசிக்கலாம். வாங்க."

முருகவேல் தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பைத் தடவித் தேடினார். அப்போது மண்டபத்து ஆபரேட்டர் விமல்ராஜ், கையில் பென்டிரைவோடு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சார், மன்னிச்சிக்கங்க. உங்க பென்டிரைவ் கடைசி வரிக்கும் ஓப்பனே ஆவல. ஜனங்க கத்துனாங்களேன்னு, நேத்து இங்க நடந்த கல்யாணத்துல சமையக்கட்டு சிசிடிவில பதிவானத எடுத்து ஓட்டிவுட்டுட்டேன்."