ஹாரனில் வந்த புருஷன்

செத்துப்போன வேன்காரர் தன் வேனின் ஹாரனில் பேசுகிறார் என்றதும் தெருவே திரண்டுவிட்டது. வண்டியில் சாவி இல்லை, ஹாரனை யாரும் தொடவில்லை, ஆனாலும் அலறல். பேட்டரி ஒயரைக் கழற்றினால் அடங்கும், மாட்டினால் மறுபடி ஆரம்பம். உயிரோடிருந்தபோது அவருக்கு வழிகூட விடாதவர்கள் இப்போது பம்பரைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

ஆவிகளோடு பேசுகிற அருள்வாக்கு ஐயா வந்தார். பேனட்டைத் திறந்து, புகை போட்டு, புகைக்குள் கையை விட்டு முணுமுணுத்தார். ஹாரன் நின்றது. கூட்டம் சிலிர்த்தது. கையை எடுத்தார், மறுபடி அலறியது.

"நீ வண்டி ஓட்டறது உன் புருஷனுக்குப் புடிக்கலைம்மா. வண்டிய என் பேருக்கு எழுதிக் குடு, அடங்கிடுவாரு."

"ஓட்டச் சொல்லிக் குடுத்ததே அவருதாங்க" என்றாள் மனைவி. அந்த வேன்தான் அவள் வீட்டுக்குச் சோறு.

"செத்தப்புறம் மனசு மாறிட்டாரு."

நாத்தனார் அழுதாள். "எழுதிக் குடுத்துடுங்க அண்ணி. அண்ணன் கத்தறதக் கேக்க முடியல."

மனைவி பேனட்டுக்குள் குனிந்தாள். அங்கே ஹாரனுக்கு ஒன்று, ஹெட்லைட்டுக்கு ஒன்று என்று ஒரே மாதிரி இரண்டு ரிலே. மின்சாரத்தைத் திறந்து மூடுகிற சின்னக் கறுப்புப் பெட்டிகள். இரண்டையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள். ஹாரன் வாயை மூடிக்கொண்டது. சுவிட்சைப் போடாமலே பட்டப்பகலில் ஹெட்லைட் எரிந்தது.

"ஐயா, அவரு லைட்டுக்குக் குடிமாறிட்டாரா?"

"ஆமா! ஜோதியா காட்சி தர்றாரு!"

கூட்டம் கைகூப்பியது. கூப்புவதற்கென்றே வளர்ந்த கைகள்.

அவள் ரிலேக்களைப் பழையபடியே மாட்டி, பேனட்டை அறைந்து மூடினாள். ஹாரன் அலறியது.

"உள்ள ஹாரன் ரிலே திறக்காம ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான். புகைக்குள்ள நீங்க புடுங்கிட்டுத் திரும்பச் செருகினது அதத்தான். இப்ப உள்ள கைய விடாம, மந்திரம் மட்டும் சொல்லி நிறுத்துங்க."

ஐயா சொன்னார். சத்தமாகச் சொன்னார். வியர்க்க வியர்க்கச் சொன்னார். ஹாரன் மசியவில்லை. முதல் சிரிப்பு கிளம்பியபோது அவர் தெருமுனையில் இருந்தார்.

கடையிலிருந்து வந்த புது ரிலேயை மாட்டியதும் அமைதி. அழுத்தினால் மட்டும் ஹாரன் அடித்தது.

"அப்ப அண்ணன் கூப்பிடவே இல்லையா அண்ணி?"

"கூப்பிட்டிருந்தா நான்தானேம்மா முதல்ல ஓடியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரிலே கெட்டால் கடையில் வேறு வாங்கலாம். மூளைக்கு அந்த வசதி இல்லை. இருப்பதையாவது எடுத்துப் பயன்படுத்துங்கள்.