நயினார் தம் வயிற்றை வென்ற படலம்

வாழ்க அப்பாண்டைநாத நயினார்! செஞ்சிக் கடைத்தெரு மணிலாக்கொட்டை மண்டியின் தனிப்பெருந்தலைவர், மூட்டையைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டியே உள்ளிருக்கும் சொத்தைக் கடலை இத்தனை என்றுரைக்கும் கூர்மதியர், ராசகிரி போல் அகன்ற மார்பும், அதன் கீழே சந்திரகிரி போல் சற்றே தனித்து நிற்கும் தொந்தியும் உடைய செம்மல் வாழ்க! முகலாயப் பெரும்படை ஆண்டுக்கணக்கில் வளைத்துக் கிடந்தும் எளிதில் வாய் திறவாத கோட்டையின் அடிவாரத்தில் பிறந்த அவரை, வெளியிலிருந்து வந்த பகைவன் எவனும் அசைத்ததில்லை. அசைத்தவன் உள்ளேயே குடியிருந்தான். அவன் பெயர் வயிறு.

அவனுடைய போர்முறை கொடிது. முதலில் தொப்புளுக்குக் கீழே முரசு கொட்டும். அடுத்து, யானை தும்பிக்கையால் கரும்புக்கட்டை முறுக்குவது போல் குடலை ஒரு முறுக்கு முறுக்குவான். அதன்பின் பிறக்கும் ஆணைக்கு மன்னரும் இல்லை, மண்டித் தலைவரும் இல்லை. கொல்லைப்புறம் ஒன்றே புகல்.

மூன்றாண்டுகள் இந்தக் கொடுங்கோலைப் பொறுத்திருந்த நாயகரை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டுச் சித்திரையில் வந்து விழுந்த அவமானம் வாளெடுக்க வைத்தது. ஒரே மகள் சந்தனாவின் நிச்சயதார்த்தம். அனந்தபுரத்துச் சம்பந்தி சுமதிநாத நயினார் தட்டை நீட்டினார். நாயகரும் கையை நீட்டினார். இரு கைகளுக்கும் இடையே ஒரு வெற்றிலை அகலமே மிஞ்சியிருந்த அந்த நல்ல நேரத்தில் முரசு கொட்டியது. தட்டு அந்தரத்தில் நிற்க, நாயகர் காற்றினும் கடுகிப் பறந்தார், மீண்டார், தட்டைத் தொட்டார், மறுபடியும் பறந்தார்.

சம்பந்தி சபை நடுவே திருவாய் மலர்ந்தார்: “தட்டு மாத்தவே ரெண்டு தபா ஓடுறாரு. தாரை வாக்குறப்போ இன்னா பண்ணுவாரு? பேசாம தம்பிய மணையில உக்கார வெச்சிடுங்க.”

தம்பி என்பவர் நேமிநாதன். வரப்புத் தகராறொன்றில் ஒன்பது ஆண்டுகளாக அண்ணன் முகத்தைப் பார்க்காதவர். பெற்ற மகளை அந்தக் கை தாரைவார்த்துக் கொடுப்பதைப் பந்தல் காலோரம் நின்று பார்ப்பதா? திருமணத்துக்கு நாற்பதே நாள். அந்த நாற்பது நாளுக்குள் வயிற்றை அடக்க வேண்டும், இல்லையேல் மணையை இழக்க வேண்டும் என்று கண்ட நாயகர், மறுநாட்காலையே டாக்டர் அரங்கநாதனின் திருக்கதவைத் தட்டினார்.

டாக்டர் சீட்டில் ஒன்றும் எழுதவில்லை.

“மாத்திரை?”

“மூணு வருசமா முழுங்கி இன்னாத்த கண்டீங்க? மொதல்ல எல்லாத்தையும் நிறுத்துங்க. ஒரு வாரம் அரிசிக் கஞ்சி, உப்பு, அவ்ளோதான். அப்பாலிக்கா ஒண்ணொண்ணா உள்ள உடுங்க. எது போயி கலகம் பண்ணுதோ, அதான் திருடன்.”

“நம்ம மண்டி மல்லாட்டையுமா நிறுத்தணும்?”

“மல்லாட்டைக்கு மட்டும் தனிச் சட்டமா?”

அன்று தொடங்கிற்று நாடு கடத்தல். வெங்காயமும் பூண்டும் கிழங்கும் சமணரான அவர் குலத்தாரின் எல்லையை விட்டு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே துரத்தப்பட்டவை. அவற்றின் மேல் பழி போட வழியில்லை. எஞ்சிய சிற்றரசர்களே குற்றவாளிக் கூண்டில் ஏறினர். துவரம்பருப்பு வெளியேறியது. புளி வெளியேறியது. செஞ்சுடர் வேலன்ன மிளகாய் வெளியேறியது. பாலும் அதன் பரிவாரமான தயிர், நெய், காப்பியும் வெளியேறின. கடைசியாக, சொந்த மண்டியின் மணிலாக்கொட்டை, படி தாண்டும்போது தலைவரைத் திரும்பிப் பார்த்தது போலிருந்தது. தலைவரும் பார்த்தார். ஆனால் இளகவில்லை.

ஏழு நாள் கஞ்சி. ஏழாம் நாள் முரசு ஓய்ந்தது.

இங்கேதான் வந்தது எதிர்பாராத இடர். சுவைகளை ஒவ்வொன்றாகத் துறப்பது அவர்கள் சமயத்தில் பெரிய நோன்பு. நயினார் நெய்யை விட்டார், பாலை விட்டார் என்று தெருவுக்குத் தெரிந்ததும், தெரு கைகூப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தது. நாயகர் பொய் சொல்லத் தெரியாதவர்.

“வயிறு சரியில்லீங்க, அதான்,” என்றார்.

“பாத்தியா, நோன்புன்னு வெளிய சொல்லிக்கிறாரா பாரு,” என்று நெகிழ்ந்தாள் எதிர்வீட்டு நீலாஞ்சனா. அவர் உண்மையை உரக்கச் சொல்லச் சொல்ல, புகழானது ‘அடக்கம்’ என்னும் கூடுதல் கிரீடமும் பூண்டு, திண்டிவனம் பஸ்ஸேறிப் போயிற்று. அங்கிருந்து அனந்தபுரத்துக்கும் தாவிற்று.

விசாரணை தொடர்ந்தது. நான்கு நாள் பருப்பு. உள்ளே போனது, வணங்கியது, தன் வேலையைப் பார்த்தது. நான்கு நாள் புளி, குற்றமற்றவன். நான்கு நாள் மிளகாய், சற்றே வாயாடி, எனினும் துரோகி அல்லன். நான்கு நாள் மணிலாக்கொட்டை. அது விடுதலை பெற்ற மாலையில் நாயகர் மண்டிக்குள் தனியாக நின்று ஒரு கைப்பிடி வறுத்த கொட்டையைக் கண்மூடி மென்றார். தயிரும் நெய்யும் அவ்வாறே தேறின.

முப்பத்திரண்டாம் நாட்காலை ஒரு டம்ளர் பால் உள்ளே போயிற்று. வெள்ளுடை தரித்து, இன்முகம் காட்டி, சமாதானத் தூதன் போல் போயிற்று. இரண்டு நாழிகை அமைதி. அதன்பின் மூன்றாண்டுப் பகையெல்லாம் ஒன்றாய்த் திரண்டு, மதம் பிடித்த யானைகள் கோட்டைக் கதவில் முட்டியது போலும், வெடிமருந்துக் கிடங்கில் தீப்பந்தம் விழுந்தது போலும், குமுறி எழுந்ததே ஒரு போர்! அன்று நாயகர் கொல்லைக்கும் கூடத்துக்கும் ஏழு முறை படையெடுத்தார்.

எட்டாம் முறை கிளம்பும் முன் மனைவி ராஜமதி குறுக்கே வந்தாள். வயிறு வலித்த போதெல்லாம், வயிற்றுக்கு நல்லது என்று பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

“இன்னாங்க, மூணு வருசமா நான்தான் உங்கள இந்தப் பாடு படுத்தினேனா?”

“நீ இன்னா பண்ணுவ? நானும்தான் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சேன். வழிய உடு மொதல்ல.”

பகைவன் அகப்பட்டான். இனி மணை நம்முடையது என்று நாயகர் நிமிர்ந்தார். விதி சிரித்தது.

திருமண நாள். ஞாயிறு எழுமுன் உண்ணாத குலத்தார் ஆதலால், முதற்கதிர் பந்தலைத் தொடும்வரை பொறுத்திருந்து, சம்பந்தி சுமதிநாத நயினார் எழுந்தார். கையில் வெள்ளி டம்ளர். அதனுள் ஆவி பறக்கும் பால் பாயசம்.

“நாப்பது நாள் நோன்பு இருந்த மனுசன். அன்னிக்கு நான் பேசினது தப்பு. எங் கையாலதான் நோன்பு முடிக்கணும்,” என்றவர், டம்ளரை நாயகரின் இதழோரம் கொண்டுவந்துவிட்டார். இருநூறு கண்கள் பார்த்தன. நாதஸ்வரம்கூட நின்று பார்த்தது. குடித்தால் மணையிலிருந்து ஓட வேண்டும். குடியாவிட்டால் சம்பந்தி முகத்தில் அறைந்ததாகும். பந்தல் காலோரம் தம்பி நேமிநாதன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராய் நின்றார்.

நாயகர் இரு கைகளையும் குவித்தார். தாமே அறியாத ஒரு பெருங்குரல் அவருள்ளிருந்து கிளம்பிற்று:

“சபையோர் கேட்கவும்! இன்று முதல் உயிருள்ளவரை பாலைத் துறந்தேன்! பாலின் வழிவந்த தயிர், மோர், வெண்ணெய், நெய், காப்பி அனைத்தையும் துறந்தேன்!”

பால் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். சொற்பெருக்கின் வேகத்தில் நிரபராதிகளான தயிரும் நெய்யும் பலியாயின. கைகூப்பிச் சபையில் சொன்ன சொல்லை அந்தக் குலத்தில் எவரும் திரும்ப எடுத்ததில்லை, அவரும் எடுக்கமாட்டார். பருப்பின் மேல் உருகும் நெய்யை அவர் மனம் ஒருகணம் கண்டு துடித்தது. சம்பந்தியோ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்கலங்கினார்.

“மணையில இவர உட்டா வேற எவன்யா உக்காருவான்?”

தம்பி வேட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

பின்னர் மேளம் இடியென முழங்க, வேள்விப்புகை மேகமெனச் சூழ, மஞ்சளரிசி அம்பு மாரியென ஆயத்தமாக, மணையில் மலைபோல் அமர்ந்து, மகளின் கையைத் தம் கையிலேந்தி, செம்பிலிருந்து நீர் வெள்ளிக் கம்பியாய் இறங்க, சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் அவர் வயிற்றையே உற்று நோக்கிக்கொண்டிருக்க, அப்பாண்டைநாத நயினார் தாரை வார்த்தார்.

அவர் எழுந்து போகவில்லை.