மெயில் திறக்காத ஞாயிற்றுக்கிழமைகள்

இனி என் மகன் லுபெனிடம் நானாக முதலில் பேசுவதில்லை என்று சபதம் செய்து இரண்டு வருடம் ஆகிறது. சாதாரண சபதம் இல்லை. மேசையில் ஓங்கி அடித்து, சூப் சட்டையில் தெறிக்கத் தெறிக்கச் செய்த சபதம். ஆனால் அதில் ஒரு சௌகரியம் உண்டு. பேசக்கூடாது என்றுதான் சபதம். படிக்கக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை.

சண்டை ஒரு முட்டையால் வந்தது. எங்கள் ஊர் வ்ராத்சாவில் ஈஸ்டர் அன்று ஆளுக்கொரு சிவப்பு முட்டையை எடுத்து மோதிப் பார்ப்போம். கடைசிவரை உடையாத முட்டைக்காரருக்கு வருடம் முழுக்க ஆரோக்கியம். இருபத்தாறு வருடம் தொடர்ந்து நான்தான் ஜெயித்தேன். ஜெயிக்காமல் என்ன? என்னுடையது மரமுட்டை. கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்தது.

அந்த வருடம் லுபென் ஜெர்மனியிலிருந்து புது மனைவியைக் கூட்டி வந்திருந்தான். அந்தப் பெண் என் முட்டையைச் சும்மா மேசையில் தட்டியது. டொக்கென்று சத்தம். லுபென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏம்பா, சின்ன வயசுல தோத்துட்டேன்னு அழுவேனே, அப்பவும் இதேதானா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்து முடிந்திருக்கும். நான் எழுந்து வாசலைக் காட்டினேன். புது மருமகள் முன்னால் மானம் போய்விட்டதாம். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனான். கதவு சாத்தும் முன்பே தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்கிற ஜாதி நான். மீசை வேறு பெரிய மீசை.

அதற்குப்பின் அவன் அம்மாவுக்கு மட்டும் ஞாயிறுதோறும் மெயில் எழுதினான். என் மனைவி ராத்கா அதை டேப்லெட்டில் படித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்வாள். என்ன எழுதியிருக்கிறான் என்று நான் கேட்கமாட்டேன். அவளும் சொல்லமாட்டாள்.

அப்போதுதான் வி.பி.என். கைகொடுத்தது. வெளிநாட்டு மல்யுத்தம் பார்ப்பதற்காக லுபென்தான் முன்பு இந்தச் செயலியை டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தான். நான் வ்ராத்சாவில் நாலாவது மாடியில் உட்கார்ந்திருப்பேன். டேப்லெட்டோ, தான் நார்வேயில் இருப்பதாக உலகத்திடம் சாதிக்கும். ஒருநாள் அதை அணைக்க மறந்துவிட்டேன். மெயில் திறக்கவில்லை. 'சர்வருடன் இணைய முடியவில்லை' என்றது. கீழ்வீட்டு கினாவிடம் கேட்டேன். அவள் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள்.

"நேத்து வ்ராத்சாவுல இருந்தவ இன்னிக்கு நார்வேயில நின்னா, யாரோ திருடின்னு மெயில்காரன் கதவைச் சாத்தமாட்டானா? வி.பி.என்.னை அணைங்க, திறந்துடும்" என்றாள்.

முப்பது வருடம் ரயில்வேயில் சிக்னல் போட்டவன் நான். எந்த வண்டியை எங்கே நிறுத்தி எப்போது விடுவது என்று எனக்கா தெரியாது? ஞாயிறு காலை ராத்கா சர்ச்சுக்குப் போனதும் வி.பி.என்.னைப் போட்டு வைத்துவிடுவேன். சில வாரம் நார்வே, சில வாரம் சிலி.

திரும்பி வந்ததும் அவள் குரல் கேட்கும்.

"என்னங்க, மறுபடியும் மெயில் திறக்கமாட்டேங்குது!"

"கொடு. இது பெரிய கோளாறு. பாஸ்வேர்டு, போர்ட்டு, எல்லாத்தையும் பார்க்கணும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"அரைமணி. தொந்தரவு பண்ணாதே."

சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். வி.பி.என்.னை அணைப்பேன். மெயில் வந்து விழும். மகன் கடிதத்தை மூன்று தடவை படிப்பேன். பிறகு படிக்காதது போலக் குறியை மாற்றி, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி கொண்டுபோய்க் கொடுப்பேன்.

"நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்!" என்பாள். எனக்குப் பெருமை தாங்காது.

குளிர்காலம் தொடங்கியதும் கடிதங்களில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை என் பெயரே இருக்காது. இப்போது வாராவாரம் என்னைப் பற்றி விசாரிப்பு. 'அப்பா இன்னும் சிகரெட்டை விடவில்லையா? கவலையாக இருக்கிறது.' அன்றே பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். 'பல்வலிக்கு டாக்டரிடம் போனாரா?' போனேன். இரண்டு பல்லைக் கொடுத்துவிட்டு வந்தேன். 'நிலவறையிலிருந்து ஊறுகாய் ஜாடிகளை நீயா தூக்குகிறாய் அம்மா?' முப்பத்துநாலு ஜாடிகளை நாலு மாடி ஏற்றினேன்.

"என்ன திடீர்னு?" என்றாள் ராத்கா.

"உடற்பயிற்சி."

"ராக்கியா வேணாமா?"

"ஒரு கிளாஸ் போதும்."

ஒரு கிளாஸுக்குமேல் ராக்கியாச் சாராயம் குடிக்க வேண்டாம் என்று அந்த வாரம்தான் அவன் எழுதியிருந்தான். என் பிள்ளை என்னை மறக்கவில்லை. வாசலைக் காட்டிய அப்பனின் பல்லுக்காகக் கவலைப்படுகிறான். மூடிய கதவுக்குப் பின்னால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவேன்.

இந்த வருடம் மார்ச் எட்டு, மகளிர் தினம், ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் நாட்டில் அன்று அம்மாவை மறக்கிற பிள்ளை கிடையாது. சிறையில் இருப்பவன்கூட வாழ்த்து அனுப்புவான். வழக்கம்போல டேப்லெட்டை வாங்கி, வி.பி.என்.னை அணைத்தேன். மருந்துக்கடை விளம்பரம் வந்தது. மின்சார வாரியம் வந்தது. லுபென் வரவில்லை.

பொய்க் கோளாறு பார்த்துப் பழகியவன் நிஜக் கோளாறில் மாட்டிக்கொண்டேன். இணையப் பெட்டியை அணைத்துப் போட்டேன். டேப்லெட்டையும் அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை மறுபடி அடித்தேன். வரவில்லை. கடைசியில் ராத்காவின் கணக்கையே டேப்லெட்டிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். அப்படிச் செய்தால் பழைய சரக்கு முழுவதும் சர்வரிலிருந்து இறங்கும். வந்தது, அனுப்பியது, குப்பை, எழுதி முடிக்காதது, எல்லாம்.

எழுதி முடிக்காததில் ஒன்று இருந்தது.

'அன்புள்ள அம்மாவுக்கு, மகளிர் தின வாழ்த்துகள். நீ'

அவ்வளவுதான். அதற்குமேல் இல்லை. அதற்குக் கீழே பழையவை வரிசையாக இருந்தன. சிகரெட். பல். ஜாடி. லுபென் எழுதிய கடிதம் ராத்காவின் கணக்கில் எப்படி எழுதி முடிக்காமல் கிடக்கும்?

கதவைத் திறந்தேன். அவள் மேசை ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"ராத்கா, லுபென் கடைசியா எப்ப எழுதினான்?"

அவள் டேப்லெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நவம்பர்ல. வேலை அதிகம், நேரம் கிடைக்கும்போது எழுதறேன்னு."

"அப்புறம்?"

"நேரம் கிடைக்கலை போல."

"அப்ப சிகரெட்?"

"நான்தான்."

"பல்லு?"

"அதுவும்தான். கினா வீட்டுக் கம்ப்யூட்டர்ல அவன் பேர்ல ஒரு கணக்கு ஆரம்பிச்சோம். இங்கே எழுதி வெச்சுக்கிட்டு அங்கே போய் அனுப்புவேன்."

"வி.பி.என்.?"

"அதை அணைச்சா போதும்னு உங்களுக்குச் சொன்ன அன்னிக்கே கினா எனக்கும் சொல்லிட்டாளே."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"என்கிட்டே சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது? பிள்ளை எழுதறதை நிறுத்திட்டான்னா? நீங்க உள்ளே அழறது இங்கே கேக்கும். குழாயைத் திறந்தா மட்டும் கேக்காதா? அந்த அரைமணியையும் உங்ககிட்டேருந்து பிடுங்க எனக்கு மனசு வரலை." மூக்கை உறிஞ்சினாள். "அதோட, முப்பது வருஷமா நான் சொல்லி ஒரு சிகரெட்டையாவது விட்டிருக்கீங்களா?"

"இன்னிக்கு ஏன் முடிக்கலை?"

"எனக்கு நானே எப்படிங்க வாழ்த்து எழுதிக்கறது? 'நீ'ன்னு ஆரம்பிச்சேன். கை ஓடலை."

அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். இரண்டு வருடச் சபதம் எங்கே போனதென்றே தெரியவில்லை. டேப்லெட்டை இழுத்து வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் எழுதினேன். 'மகனே, தப்பு என்னுடையது. அன்று உன்னோடு சேர்ந்து நானும் சிரித்திருக்க வேண்டும். என்மேல் உள்ள கோபத்தை அம்மாமேல் காட்டாதே. அப்பா.' நவம்பரில் வந்த அவன் சொந்த முகவரிக்கு அனுப்பினேன். போய்விட்டது என்று காட்டியது.

ஒரு வாரம் போனது. பதில் இல்லை. இரண்டாம் வாரமும் போனது. மெயிலில் கோளாறு ஏதும் இல்லை. மின்சார வாரியம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் ஞாயிறு, லுபென் பெயரில் ஒன்று வந்தது. 'அப்பா, உன் கடிதம் கிடைத்தது. கோபம் எதுவும் இல்லை. விரைவில் விரிவாக எழுதுகிறேன். குளியலறைக் கதவின் கீல் கிறீச்சிடுகிறதாமே, அதைக் கொஞ்சம் பார்.'

மேலே முகவரியைப் பார்த்தேன். கினா வீட்டில் திறந்த கணக்கு.

ராத்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"யாரு, லுபெனா?" என்றாள்.

"ஆமா."

"என்ன சொல்றான்?"

"கோபம் இல்லையாம்."

"வேற?"

"கீலுக்கு எண்ணெய் போடணுமாம்" என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் குப்பியைத் தேடப் போனேன்.