செதில்முனியின் கயிறு

அமாவாசையன்று பாப்பாரப்பட்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தால் அது செதில்முனியின் அருள். உட்கார இடம் கிடைத்தால் நீங்கள் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஏரிக்கரைப் புளியமரத்தடியில் சும்மா கிடந்த கல்லுக்கு இன்றைக்கு வெள்ளிக் கண், மைக் செட், செருப்புக்குக் காவலாள். எல்லாம் பூசாரி முனிராஜின் கைங்கர்யம். உடம்பு திட்டுத் திட்டாகச் சிவந்து வெள்ளை வெள்ளையாய்ச் செதில் உதிர்கிறதா? டாக்டர்கள் அதற்குச் சொரியாசிஸ் என்று வாயில் நுழையாத பேர் வைத்திருக்கிறார்கள். பூசாரி சுருக்கமாக முடித்துவிடுவார்.

"போன ஜென்மத்துல பாம்பை அடிச்சிருக்கே. அது உன் உடம்புல சட்டை உரிக்குது."

வந்தவன் உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வான். போன ஜென்மத்தில் என்ன செய்தான் என்று அவனுக்கு எங்கே தெரியும்? நேற்று ராத்திரி என்ன செய்தான் என்பதே தெரியாதே!

வைத்தியமும் சுருக்கம்தான். கடைசிக் குவாட்டர் பாட்டிலை முனியின் காலடியில் வைத்துவிட்டு, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். கயிறு கையில் இருக்கிறவரை சரக்கைத் தொட்டால் முனி அடிப்பான். மூன்றாம் அமாவாசையில் பூசாரியே கயிற்றை அவிழ்த்துவிடுவார். அப்புறம் அவரவர் பாடு.

கலைமதியின் புருஷன் மாதவராஜுக்கு இது இரண்டாவது கயிறு. அவன் தக்காளி லோடு அடிக்கிற வேன் டிரைவர். அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட், பாவாடை தைக்கிறவள். போன வருஷம் முதல் கயிறு கட்டியபோது அவன் முழங்கையும் முதுகும் தெளிந்து, ஊரே வாயைப் பிளந்தது. பூசாரி கயிற்றை அவிழ்த்தார். அன்று சாயங்காலமே கூட்டாளி நஞ்சப்பன் அவனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான். அப்புறம் தினமும் கடைதான். கொஞ்ச நாளில் செதில் வட்டியோடு திரும்பி வந்தது. மண்டிக்காரர் தக்காளிப் பெட்டியைத் தொடவிடவில்லை. மகள் பள்ளிக்கூட விழாவுக்கு "நீ வராதேப்பா" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவன் வேனுக்குள் உட்கார்ந்து அழுதான். அழுது முடித்துவிட்டுக் குடித்தான்.

"பாத்தியா கலை, கயிறு போச்சு, நோவு வந்துடுச்சு."

"கயிறு வெளியே போனதும் வேற ஒண்ணு உள்ளே போச்சுங்களே, அதைச் சொல்ல மாட்டீங்களா?"

"அது உடம்பு வலிக்குடி!"

அரூரில் தோல் டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "இது ஒட்டுற நோய் இல்லம்மா. அடியோட போகாது, அடக்கி வெக்கலாம். குடிச்சா கிளம்பும், மருந்தும் சரியா கேக்காது. குடியை விட்டுட்டு மருந்தை ஒழுங்கா போடச் சொல்லு." மாதவராஜ் காதில் அது ஏறவில்லை. டாக்டரம்மாவுக்கு வெள்ளிக் கண் இல்லையே!

தையல்காரி மூளை சும்மா இருக்குமா? கலைமதி ஒன்றைக் கவனித்தாள். இந்த ஆம்பளைகளுக்குப் பக்தி ரொம்ப அதிகம். நடுவில் குடிக்க ஆசை வந்தால் கயிற்றைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் குடிப்பார்கள். முனிக்கு மரியாதை! ஆக, கயிறு இருக்கிற நாளில் குடி இல்லை. குடிக்கிற நாளில் கயிறு இல்லை. அப்புறம் உடம்பைத் தேற்றியது எது என்று எவனுக்குத் தெரியும்? பூசாரியின் பிழைப்பே இந்தக் குழப்பத்தில்தான் ஓடியது.

அதைச் சோதித்துப் பார்க்க, இரண்டாவது கயிறு கட்டிய மறுநாள், மாதவராஜ் மத்தியானம் குறட்டை விடுகையில் கத்தரியை எடுத்தாள். முனியின் கயிற்றை நறுக்கினாள். தன் பழைய கறுப்புப் பாவாடை நாடாவை முறுக்கி, அதே மாதிரி முடிச்சுப் போட்டு அவன் கையில் கட்டினாள். அவன் எழுந்து அதையே கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். குடிக்கவில்லை. அவள் எடுத்து நீட்டிய மருந்தையும் மறக்காமல் தடவினான். மூன்றாம் அமாவாசைக்குள் முழங்கை தெளிந்துவிட்டது.

அந்த அமாவாசையும் வந்தது. பூசாரி அவனை மேடையில் ஏற்றினார். கொளுத்துகிற வெயிலிலும் மனிதருக்கு முழுக்கைப் பட்டு ஜிப்பா, மணிக்கட்டில் கொத்தாகக் கயிறுகள்.

"பாருங்கய்யா, முனி கயிறு பண்ணின வேலையை! அவுத்துடலாங்களா?"

"அவுங்க சாமி!" என்று கூட்டம் கத்தியது. முன்வரிசையில் நஞ்சப்பன் சப்புக் கொட்டிக்கொண்டு நின்றான்.

கலைமதி புருஷனைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், அடிக்க முனி இல்லை என்று இந்த மனுஷன் இன்றைக்கே குடித்துவிட்டால்? சொல்லாவிட்டாலும் இன்றைக்குக் குடிக்கத்தானே போகிறார்! விறுவிறுவென்று மேடை ஏறினாள்.

"சாமி, இது உங்க கயிறுதானுங்களா?"

"என்னம்மா கேள்வி? என் கையால முடிச்சுப் போட்டது. சக்தி ஜிவ்வுனு ஏறுது பாரு!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

பூசாரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சத்தியமா முனியோட கயிறு!"

"அது என் பாவாடை நாடாங்க."

மைக் நல்ல மைக். ஏரிக்கரை முழுக்கக் கேட்டது.

"உங்க கயிறு எங்க வூட்டுல ராகி மூட்டைக்கு வாய் கட்டியிருக்குதுங்க. வேணும்னா வந்து பாருங்க."

முனிராஜ் லேசுப்பட்டவரா? "முனி எதுலயும் இறங்குவான்! நாடாவுலயும் இறங்கிட்டான்!" என்றார். பாதிக் கூட்டம் பாவாடை நாடாவைக் கும்பிட்டது.

"சரிங்க. உங்க கையில கொத்தா கயிறு இருக்குதே, அப்புறம் இந்த வெயில்ல முழுக்கை எதுக்குங்க? சட்டைக் கையைக் கொஞ்சம் மடிச்சுக் காட்டுங்க."

"அபச்சாரம்!"

அதுவரை மரம்போல் நின்ற மாதவராஜ், பூசாரியின் கையைப் பிடித்து ஜிப்பாவை மேலே சுருட்டினான். முழங்கை எல்லாம் சிவந்த திட்டு, திட்டின்மேல் வெள்ளைச் செதில். நஞ்சப்பன் மேடைக்கு எக்கி மூக்கை உறிஞ்சினான். "யோவ், சாமி மேல சரக்கு வாடைய்யா! நாம வெச்ச குவாட்டரெல்லாம் இங்கதான் போயிருக்குது!" அந்த விஷயத்தில் அவன் சொன்னால் மறுபேச்சு இல்லை.

"நோவு யாருக்கும் வரும், அதுல கேவலம் இல்லீங்க" என்றாள் கலைமதி. "உங்களுக்கும் டாக்டர் மருந்து இருக்குது. நோவை மறைச்சுட்டுக் கயிறு கட்டி ஏமாத்தினீங்க பாருங்க, அதுதான் கேவலம்."

பூசாரி மைக்கைப் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடினார். செருப்புக் காவலாள் அவருக்கு முன்னாலேயே ஓடியிருந்தான்.

மாதவராஜ் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "கயிறு இல்லேன்னா நான் மறுபடி குடிச்சிடுவேனே கலை?"

"மூணு மாசமா கயிறே இல்லாமத்தாங்க இருந்தீங்க. யாருங்க உங்களைக் கட்டி வெச்சது?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாடாவைத் தானே அவிழ்த்து அவள் கையில் கொடுத்தான். நஞ்சப்பன் தோளைத் தட்டி "வாடா, போலாம்" என்றான்.

"நீ போ. நான் வூட்டுக்குப் போறேன். புள்ளைகிட்டக் கையைக் காட்டணும்."

கலைமதி மேடையிலிருந்து இறங்கியபோது வேட்டி சட்டையில் ஒரு பெரிய மனிதர் பயபக்தியோடு வழி மறித்தார்.

"ஏம்மா, என் மச்சானுக்கும் இதே செதிலு. அந்த நாடாவுல ஒரு முழம் கிடைக்குமா?"

"நாடா எந்தக் கடையிலயும் கிடைக்குங்க" என்றாள் அவள். "யோசிக்கத்தான் அவங்கவங்க தலை வேணும். உங்களுது இருக்குதுங்களா, இல்ல அதையும் முனி காலடியிலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?"