கோப்பி மாப்பிள்ளை ஏறிய கார்

காரின் மேல் ஆசை வைத்தவனை நம்பி ஒரு மாப்பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது. இதைப் புத்திமதியாக எடுத்துக்கொண்டாலும் சரி, வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாலும் சரி. ஆசை வைத்தவன் நான். ஒப்படைக்கப்பட்டவர் என் அத்தான். தவறிப்போன முகூர்த்தம் என் அக்காவுடையது.

காரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது என்னவென்றே தெரியாது. தெரிந்த அந்த ஒருவர் உடனே அபிப்பிராயம் சொல்லத் தொடங்கிவிடுவார் (அவர்களால் சும்மா இருக்க முடியாது, வியாதி). அப்படியான அபிப்பிராயங்களில்தான் என் மானம் போனது. ஐம்பது வருடத்துக்கு முந்திய ஜெர்மன் கார், இரண்டே இருக்கை, தோடம்பழ (ஆரஞ்சு) நிறம், என் இடுப்பளவு உயரம். இவ்வளவும் போதும்.

இத்தாலியின் பலர்மோ நகரத்தில், கால்சாப் பகுதியில், ஓய்வுபெற்ற கண் வைத்தியர் ஒருவரின் வீட்டில் நான் வேலை செய்கிறேன். சமையல், துடைப்பு, சந்தை, மருந்து எல்லாம் என் பொறுப்பு. தொத்தோரே, அதாவது டொக்டர், என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கார் அவருடையது. முழங்கால் மடங்காததால் அவரால் ஓட்ட முடியாது. அதனால் ஞாயிறுகளில் நான் ஓட்ட, அவர் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருக்க, கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். அதே கார் வைத்திருக்கும் இன்னும் மூன்று கிழவர்கள் அங்கே வருவார்கள்.

அந்தக் காரில் முன்விளக்குகள் வெளியே தெரியாது. இருக்கைகளுக்கு நடுவே உள்ள ஒரு பிடியைத் தள்ளினால் இரண்டு விளக்கும் பக்கவாட்டில் உருண்டு கண் விழிக்கும். மோட்டார் கிடையாது, முழுக்கக் கைப்பலம். பின்பக்கம் திறக்கிற மூடியும் கிடையாது. சாமானை இருக்கைக்குப் பின்னால் உள்ள பள்ளத்துக்குள் தள்ள வேண்டும், பிறகு எடுப்பது அவரவர் அதிர்ஷ்டம். இவற்றையெல்லாம் அந்த நால்வரும் குணங்கள் என்றே கதைப்பார்கள். சிவப்பா மஞ்சளா நல்லது, பெரிய எஞ்சினா சின்ன எஞ்சினா உண்மையானது என்று மேசையில் அடித்துச் சண்டை பிடிப்பார்கள். உலகம் இந்தக் காருக்கு அநியாயம் செய்துவிட்டது என்பதில் மட்டும் ஒற்றுமை. ஏதோ ஓர் அமெரிக்கக் காரைப் பார்த்துச் செய்த சின்னப் பிரதி என்று யாராவது சொல்லிவிட்டால் தொத்தோரே அன்றைக்கு மீனைத் தொட மாட்டார்.

முதல் வருடம் நான் மீனை மட்டும் கவனித்தேன். இரண்டாம் வருடம் எனக்கும் அபிப்பிராயம் வந்துவிட்டது. மூன்றாம் வருடம், பலர்மோவிலேயே அம்மாவோடும் அக்காவோடும் இருக்கும் எங்கள் வீட்டில், "எங்கடை கார்" என்று கதைக்கத் தொடங்கினேன். உனக்கென்று ஒரு சைக்கிள்கூட இல்லை என்பதை அம்மா ஞாபகப்படுத்தினார்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் சரிவந்தது. அக்காவுக்கு முப்பத்துநாலு வயது, செவ்வாய் தோஷம். பொருந்தி வந்த இரண்டு சாதகங்கள் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போயிருந்தன. அப்பா இல்லாத வீட்டில் அம்மா அந்தக் கவலையைத் தனியாகச் சுமந்தார். மூன்றாவதாக வந்தவர் ஜெர்மனியில் ஓர் ஆசுப்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறவர். மிகவும் அமைதியானவர். யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் இரண்டு சாதகத்தையும் பார்த்து ஒரே ஒரு நேரம் குறித்துக் கொடுத்தார்: ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதிலிருந்து பதினொன்று வரை. அம்மா அதை எழுதிச் சாமிப்படத்தில் செருகி வைத்து, தினமும் விளக்கு வைக்கும்போது எடுத்து வாசிப்பார்.

பெண்ணின் தம்பி என்ற முறையில் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையை அழைத்து வருவதும், மண்டப வாசலில் அவர் காலைக் கழுவுவதும் என் வேலை. அழைத்து வர வாடகைக்கு ஒரு கறுப்புக் கார் பேசியிருந்தார்கள். நான் விடவில்லை. ஜெர்மனி மாப்பிள்ளைக்கு ஜெர்மன் கார்தான் மரியாதை என்று வாதாடினேன். தொத்தோரேயும் இரண்டு கட்டளைகளோடு காரைத் தந்தார். எஞ்சினின் வெப்ப ஊசி ஏறினால் நிறுத்த வேண்டும். விளக்குகள் பாதியில் நின்றால் ஓட்டக் கூடாது.

நகர நடுவில், அல்பெர்கேரியாவில் மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த இடத்துக்குக் காலையில் காரைக் கொண்டுபோனேன். ஒடுக்கமான ஒழுங்கையில் எல்லோரும் இறங்கி வந்து, கார் எங்கே என்று தேடினார்கள். அத்தான் அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா ஜெர்மனியிலை இருக்கிறன், தம்பி. இப்பிடி ஒண்டை நான் காணேல்லை."

அதுதான் அநியாயம் அத்தான் என்று தொடங்கி, உலகம் செய்த துரோகம் முழுவதையும் அவருக்கு விளக்கினேன். மாப்பிள்ளைத் தோழியாகக் கூடவே வரவேண்டிய அவருடைய அக்காவுக்கு இருக்கை இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மற்றவர்கள் போகிற வாடகை வானில் ஏறினார், அத்தானின் போனும் அவருடைய கைப்பையில் போனது. வானை முன்னால் அனுப்பிவிட்டேன். நாங்கள் கடைசியாக வந்து இறங்குவதை எல்லோரும் வாசலில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் திட்டம் (வீடியோக்காரரையும் முன்னால் அனுப்பிவிட்டேன், புத்திசாலி). தலைப்பாகையோடு அத்தானால் காருக்குள் போக முடியவில்லை. கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நானும் என்னுடையதைக் கழற்றி, என் போன், தேங்காய்த் தட்டம் எல்லாவற்றோடும் பின்பள்ளத்தில் வைத்தேன். முதல் வளைவிலேயே போன் உருண்டு ஆழத்துக்குப் போய்விட்டது.

மண்டபம் ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடல் பக்கம். பத்து நிமிடத் தூரம் இருக்கும்போது வெப்ப ஊசி ஏறியது. உண்மையைச் சொன்னால் அவ்வளவு ஏறவில்லை. வீதியோரக் கோப்பிக் கடை ஒன்றின் வாசலில் நாலைந்து பேர் எங்கள் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதுதான் காரணம். இதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. ஐந்து நிமிடம் என்று அத்தானிடம் சொல்லி நிறுத்தினேன். அப்போது மணி பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

வேட்டி சால்வையோடு இறங்கினேன். பள்ளத்திலிருந்து தலைப்பாகையைத் தேடி எடுத்து வைத்தும் கொண்டேன், பார்க்கிறார்களே. நீலச் சட்டை போட்ட ஒரு முதியவர் காரைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர், இது அமெரிக்கக் காரின் சின்னப் பிரதிதானே என்றார்.

அவ்வளவுதான். தொத்தோரேயும் மூன்று கிழவர்களும் ஒன்றாக என்மேல் இறங்கிவிட்டார்கள். மூக்கின் வளைவு, பின்விளக்கின் வட்டம், எது முதலில் வந்தது, யார் யாரைப் பார்த்து வரைந்தது என்று கை நீட்டிப் பேசினேன். பேர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போனால் என் இத்தாலியமொழி தொண்டையில் நின்றுவிடும். அன்றைக்கு அருவி. விளக்கை உருட்டிக் காட்டினேன். கை தட்டினார்கள். மறுபடி காட்டினேன். மூன்றாம் தரம் தள்ளியபோது விளக்குகள் பாதியில் நின்றுவிட்டன. தூக்கத்தில் எழுப்பப்பட்ட ஆளின் கண்கள் மாதிரி இருந்தது. பிடி அசையவில்லை.

அத்தான் கோப்பிக் கடை வாசலில் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இத்தாலியமொழி தெரியாது.

"தம்பி, வெளிக்கிடுவம். நேரம் போகுது."

"இப்பிடியே ஓடினால் கார் பழுதாப் போகும் அத்தான்."

ஆம், சொன்னேன். தாலி கட்டப் போகிற மனிதரிடம், அவர் கட்டப்போவது என் சொந்த அக்காவுக்கு என்று தெரிந்தும் சொன்னேன். இவர்களில் ஒருவரிடம் வாகனம் இருக்கும், எங்களைக் கொண்டுபோய் விடச் சொல்லிக் கேள் என்றார் அவர். அதை நான் மொழிபெயர்க்கவே இல்லை. காரை முன்பின் தெரியாதவர்களிடம் எப்படி விட்டுவிட்டுப் போவது? மூன்றாவது தரமும் வந்து கூப்பிட்டார், குரலை உயர்த்தாமல். உயர்த்தியிருந்தால் எனக்கு உறைத்திருக்குமோ என்னவோ.

கடைசியில் நீலச் சட்டைக்காரர் கடைக்குள் போய்க் கொஞ்சம் ஒலிவ் எண்ணெய் கொண்டு வந்து, முன்மூடியைத் திறந்து, எங்கோ விட்டு, எங்கோ தட்டினார். விளக்குகள் உருண்டன. எல்லோரும் ஆரவாரித்தார்கள். ஒரு படம் எடுக்கலாமா என்று தன் போனை நீட்டினார். நான் தலைப்பாகையைச் சரிசெய்து, மூக்கில் ஒரு கையை வைத்து நின்றேன், என்னுடையதில் இல்லை, காருடையதில். படம் எடுத்து முடித்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார், தானும் இளம் வயதில் இதே கார் வைத்திருந்தாராம். தங்கையின் கல்யாணத்துக்காக விற்றுவிட்டாராம்.

மாப்பிள்ளைத் தோழன் வேடத்தில் நின்ற நான் அவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "என்ன நிறம்?"

மஞ்சள் என்றார். மஞ்சளைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இருந்தது. அதற்கு இன்னும் பத்து நிமிடம்.

நாங்கள் போய் இறங்கும்போது பதினொன்று ஐந்து. எல்லோரும் வாசலில் நின்றார்கள், நான் திட்டமிட்டபடியே. ஒருவரும் காரைப் பார்க்கவில்லை. அம்மா ஆரத்தித் தட்டத்தைக் கையில் வைத்திருந்தார். ஒரு மணித்தியாலமாகக் கீழே வைக்க மறுத்துவிட்டாராம். அவர் அழவில்லை, அது இன்னும் மோசம். என்ன நடந்தது என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் கால் கழுவும் செம்பைத் தேடினேன்.

"நான்தான் நிப்பாட்டச் சொன்னனான், மாமி," என்றார் அத்தான். "விடியத் தொடக்கம் ஒண்டும் குடிக்கேல்லை, தலை சுத்தினது. ஒரு கோப்பி குடிச்சிட்டு வந்தனாங்கள்."

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். செம்பை எடுத்துக்கொண்டு குனிந்து அவர் காலைக் கழுவினேன். என் தலைக்கு மேலே அம்மா மூச்சை இழுத்துவிட்டதும், அத்தானின் அக்கா ஏதோ முணுமுணுத்ததும் கேட்டது. வழமைப்படி அத்தான் என் விரலில் மோதிரம் போட்டார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கோழை.

மிலானிலிருந்து வந்திருந்த ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, நண்பகலில் அபிஜித் முகூர்த்தம் இருக்கிறது, அது எல்லோருக்கும் பொதுவானது, பயப்பட வேண்டாம் என்றார். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை கோப்பி குடிக்கப் போன கதை மணவறைக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. தாலி ஏறும்போது அவள் கண்ணீர் விட்டாள், அது எந்தக் கண்ணீர் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு அத்தானுக்கு எங்கள் சொந்தத்தில் கோப்பி மாப்பிள்ளை என்று பெயர். அம்மா கனடாவுக்கும் லண்டனுக்கும் போன் எடுத்துச் சொன்னார். ஜெர்மனியில் அக்கா பனியில் வழுக்கி விழுந்தால் அந்தத் தவறிய நேரம்தான் காரணம், குழாய் உறைந்தாலும் அதுதான் காரணம். ஒரு கோப்பிக்காக என்ரை பிள்ளையின் நல்ல நேரத்தை விட்டவர் என்பார். அந்தப் பகிடிக்கு மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். மோதிரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டு மாதம் கழித்து அக்காவும் அத்தானும் விடுமுறைக்கு வந்தார்கள். அம்மா தொத்தோரேயைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் பெரிய பொதி ஒன்றோடு வந்தார், பிந்திய கல்யாணப் பரிசு என்று. அந்தக் கார்ப் பைத்தியங்களின் உலகம் மிகச் சின்னது. நீலச் சட்டைக்காரர் எடுத்த படம் எங்கெங்கோ சுற்றித் தொத்தோரேயிடம் வந்திருக்கிறது. அவருடைய காருக்கு இவ்வளவு அழகான படம் இதுவரை யாரும் எடுத்ததில்லையாம். பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மேசையில் கறிகளுக்கு நடுவே நிறுத்தினார்.

முன்னால் தோடம்பழக் கார். அதன் மேல் கை வைத்து, தலைப்பாகை கட்டி, பல் முழுக்கக் காட்டி நான். பின்னால் கோப்பிக் கடை வாசலில் வெறுந்தலையோடு அத்தான். அவர் கையில் கோப்பி இல்லை. அவர் நிமிர்ந்து கடைச் சுவரில் உள்ள மணிக்கூட்டைப் பார்க்கிறார். படம் மிகத் தெளிவு. பத்தே முக்கால்.

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பத்தே முக்காலுக்கு நீ ஏன் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

எல்லாவற்றையும் சொன்னேன். வெப்ப ஊசியின் உண்மையைத் தவிர. மொழிபெயர்க்காததைச் சொன்னபோது அக்கா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். கால் மணித்தியாலம் முந்தி வந்திருந்தாலும் தாலியை மட்டுமாவது நேரத்துக்குக் கட்டியிருக்கலாம் என்று ஐயர் அன்றைக்குச் சொன்னதை அம்மா மெதுவாக ஞாபகப்படுத்தினார். பிறகு எழுந்து போய், அத்தானுக்கு ஒரு கோப்பி போட்டுக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு, படத்தில் தம்பி நல்ல வடிவாய் நிக்கிறான் மாமி என்றார். தொத்தோரே ஒன்றும் விளங்காமல், படம் பிடித்திருக்கிறதா என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

படத்தை அக்கா ஜெர்மனிக்குக் கொண்டுபோய் வாசலில், சப்பாத்துத் தட்டுக்கு மேலே மாட்டினாள். வெளிக்கிடும் எவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும், அப்போதுதான் நேரத்துக்குப் போவார்களாம். எங்கள் குடும்பத்தில் இப்போது யார் எதற்குப் பிந்தினாலும் "கார் பழுதாப் போகும் அத்தான்" என்று ஒரு குரல் வரும். அநேகமாக அம்மாவின் குரல்.

அக்காவின் மகளுக்கு நாலு வயது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவள்தான் அந்தப் படத்தை விளங்கப்படுத்துவாளாம். போன கிழமை வீடியோவில் எனக்கே விளங்கப்படுத்தினாள்.

"இது மாமான்ரை கலியாணம்."

எனக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. பொம்பிளை எங்கை என்று கேட்டேன். காரைத் தொட்டுக் காட்டினாள். அப்ப பின்னாலை நிக்கிறது ஆர் என்றேன்.

"அது அப்பா. அவர் கோப்பி குடிக்க வந்தவர்."