ஏழு பசையும் ஒரு நாற்காலிக் காலும்

புதன்கிழமை காலை ஆறு மணி. சாப்பாட்டு மேசையில் ஏழு பசை. எதிரே ஏன்சார். எதைக் கண்டாலும் “ஏன் சார்?” என்று குடைவதால் அலுவலகம் சூட்டிய பெயர் அது.

நாற்காலியின் முன்கால் கழன்று நாலு நாள். மனைவியின் அண்ணன் தச்சர். ஞாயிறன்று வருகிறார். போன தடவை கதவுக் கீலை மாட்டிக்கொடுத்துவிட்டு, “மாப்ளைக்கு ஆணி எது, ஆப்பு எதுன்னு தெரியாது” என்று ஊரெல்லாம் தமுக்கடித்தவர். அவர் கருவிப்பெட்டியைத் திறப்பதற்குள் கால் நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் மானம் கப்பலேறிவிடும்.

“ஒரு காலுக்கு ஏழு பசையாங்க?” என்றாள் மனைவி.

“எது சரியான பசைன்னு பரீட்சை வச்சாத்தானே தெரியும்?”

பதினான்கு மரத்துண்டுகளை ஜோடி ஜோடியாக ஒட்டினார். இறுக்கிப் பிடிக்க வீட்டுத் துணி கிளிப்புகள் அத்தனையும் போயின. கிளிப் இல்லாமல் கொடியில் காய்ந்த சட்டைகள் காற்றில் பறந்து தெருவுக்குப் போயின. மறுநாள் இழுத்தார், முறுக்கினார், ஏறி மிதித்தார். ஒரு ஜோடியும் அசையவில்லை.

“எல்லாரும் பாஸான பரீட்சையில யாருங்க முதல்?”

அதுதான் அவருக்கும் புரியவில்லை. ஏதோ ஒரு நம்பிக்கையில் வெள்ளைப் பசையை எடுத்துக் காலை ஒட்டினார். வெள்ளி காலை உட்கார்ந்தார். அடுத்த நொடி தரையில் கிடந்தார்.

“துண்டுல பிடிச்சது கால்ல ஏன் பிடிக்கல?” வலியைவிடக் கேள்விதான் பெரிதாக இருந்தது.

மனைவி கால் செருகும் துளைக்குள் எட்டிப் பார்த்தாள். “எனக்கென்ன தெரியும்... உள்ளே மஞ்சளா காஞ்சு கிடக்கே, பழைய பசையா? அது மேலயே பூசினா மரத்துக்குள்ள எப்படி இறங்கும்?”

ஏன்சார் துள்ளி எழுந்தார். “அட! நான் ஒட்டிப் பார்த்தது எல்லாம் புது மரம்!”

கத்தியால் சுரண்டி எடுத்தார். இப்போது கால் துளைக்குள் லொடலொடவென்று ஆடியது.

“சந்து விழுந்துடுச்சே. அந்த ரெண்டு ட்யூபைக் கலக்குற பசை சந்தை அடைக்குமோ? சும்மா கேட்டேன்.”

“அதைத்தான் நானே சொல்ல வந்தேன். நீ சும்மா இரு.”

கலந்தார், பூசினார், கயிறு போட்டு இறுக்கினார்.

“நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் தொடாதீங்க.”

“ஏன்?”

“ஏனோ. தோணுச்சு.”

சனிக்கிழமை மாலை நாற்காலி மேல் ஏறி நின்றார். இறங்க மனமே வரவில்லை.

“பார்த்தியா? தச்சன் வேணாம், தாத்தா வேணாம். மூளை ஒண்ணு போதும்!”

“அதேதாங்க. மூளைதான்,” என்றாள்.

ஜூன் 14, ஞாயிறு, காலை பத்தேகால். அண்ணன் வந்தார், அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், சாய்ந்து பார்த்தார். “வியாழக்கிழமை போன்ல தங்கச்சிகிட்ட சொன்னதை ஒண்ணுவிடாம செஞ்சிருக்கீங்களே, மாப்ளே,” என்றார்.