பார்சிப்பனிச் சாம்பற்போர்

பனிவாரும் மண்வெட்டியைச் செங்கோலெனத் தாங்கிய கையினன், கம்பளிக் குல்லாயை மணிமுடியெனச் சூடிய சென்னியன், மென்பொருள் சோதனையில் ஊரார் பிழையெல்லாம் காணும் கண்ணினன், தன் பிழை ஒன்றையும் காணாப் பெருந்தகை, நியூ ஜெர்சி நன்னாட்டுப் பார்சிப்பனிக் காவலன் சேனாபதி வாழ்க. அவன் வீரம் வாழ்க. அவ்வீரத்தைத் துடைத்தெடுத்த அவன் மனையாள் தாமரைச்செல்வியின் பொறுமை அதனினும் நீடு வாழ்க.

மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் என்னும் சிறு உருண்டைகளை மூட்டை மூட்டையாய் விழுங்கி அனல் கக்கும் இரும்பு ஸ்டவ் ஒன்றைச் சேனாபதி சென்ற இலையுதிர்காலத்தில் தன் கூடத்தில் நிறுவினான். நிறுவியதோடு அமையாது, "இந்த விண்டர் பூரா வீட்டு ஹீட்டரைத் தொடவே மாட்டேன்" என்று நண்பன் முகுந்தின் முன்னிலையில் சூளுரைத்தான். முகுந்த் சிரித்தான். அச்சிரிப்பு நம் தலைவனின் மார்பில் வேலெனத் தைத்து, பனிக்காலம் முழுதும் அங்கேயே நின்றது.

ஆயினும் தீ வளர்க்கத் தெரிந்த திறலோன் சாம்பல் அள்ள நேரம் காணவில்லை. ஞாயிறுதோறும் தாமரைச்செல்வி நினைவூட்டினாள். ஞாயிறுதோறும் 'அடுத்த வாரம்' என்னும் கேடயத்தை அவன் உயர்த்தினான். அக்கேடயத்தின் மறைவில் சாம்பல் படை திரட்டியது. எரிகலத்தின் காற்றுத் துளைகளை ஒவ்வொன்றாய் முற்றுகையிட்டு, கசடாய் இறுகிக் கோட்டை கட்டி, கண்ணாடிக் கதவின்மேல் கரிக்கொடி ஏற்றி, செந்நாக்கு நீட்டியிருந்த தீயை மஞ்சள் நோயாளியாக்கி, இறுதியில் பொங்கல் விருந்துக்கு நண்பர் குடும்பங்கள் வரவிருந்த சனிக்கிழமை விடியலில் அதன் கழுத்தை நெரித்தது.

"அப்பா, ஸ்டவ் இஸ் டெட்" என்று மகள் வெண்பா போர்வைக்குள்ளிருந்து அறிவித்தாள்.

"போன சண்டேயே கிளீன் பண்ணச் சொன்னேன்ல?" என்றாள் தாமரைச்செல்வி, சர்க்கரைப் பொங்கலைக் கிளறியபடி. "பேசாம ஹீட்டரைப் போடுங்க. கெஸ்ட் எல்லாம் நடுங்கப் போறாங்க."

ஹீட்டரா? முகுந்த் வரும் நாளிலா? சேனாபதியின் மீசை துடித்தது. நெஞ்சுக்குள் அவன் அஞ்சினான் என்பதும் உண்மை. வெளியே பனி முழங்கால்வரை கிடந்தது. உள்ளே விரல்கள் விறைத்தன. எனினும் களம் புகுந்தான்.

குளிர்ந்து கிடந்த இரும்புக் கோட்டையின் வாயிலைத் திறந்து, ஸ்குரூடிரைவரை வாளெனச் சுழற்றிக் கசடுகளைக் குத்திப் பெயர்த்தான். தூரிகையால் துளைகளை மீட்டான். சாம்பல் தட்டை இழுத்துத் தகர வாளியில் கவிழ்த்தான். கசடாகிய யானைப்படை சாய்ந்தது, காலாட்படையாகிய நுண்துகள் மட்டும் இண்டு இடுக்கெல்லாம் பதுங்கி நின்று எள்ளி நகையாடியது. அதை அடியோடு அழிக்க, வீட்டு வேக்யூம் கிளீனரைப் போர்க்களிறென இழுத்து வந்தான்.

"அது வேண்டாங்க. சாம்பலுக்குன்னு தனி வேக்யூம் வாங்கணுமாம், ஸ்டவ்வோட வந்த புக்குல போட்டிருக்கு."

"எல்லாம் தூசுதான், தாமரை" என்று முழங்கினான் சேனாபதி, பொத்தானை அழுத்தினான்.

களிறு பிளிறியது. துதிக்கையால் அது உறிஞ்சிய துகள் அனைத்தும், வடிகட்டியை ஒரு பொருட்டாய் எண்ணாமல், அதன் பின்புறத்தால் பெரும்புயலெனப் புறப்பட்டது. எதிரியின் முகத்திலேயே கண்ணூன்றி நின்றதால் தன் முதுகுக்குப் பின் உலகம் வெளுத்ததைத் தலைவன் அறியவில்லை. வெண்முகில் கூடத்தைச் சூழ்ந்தது, சோபாவில் படிந்தது, விருந்தினர் வரும் நேரமென்று மேசையில் திறந்து பரப்பியிருந்த சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், வடை, கொத்சு, அவியல் ஆகிய அனைத்தின்மேலும் பாகுபாடின்றிப் பொழிந்தது.

அவ்வேளை மற்ற விருந்தினர் பின்தொடரக் கதவைத் திறந்து உள்ளே வந்த முகுந்த், தலை முதல் கால்வரை வெளுத்து நின்றவனை நெடுநேரம் பார்த்தான்.

"என்னடா, பழனியிலேருந்து நேரா வர்றியா?"

தலைவன் களிற்றை அடக்கினான். பெல்லட்டைக் கொட்டினான். பொத்தானைத் தொட்டான். காற்று கலத்தில் ஊதியது, புகை எழுந்தது, பின்னர், ஆகா, ஆயிரம் சூரியர் ஓரிடத்தில் உதித்தாற்போல் செந்தீ சீறி நிமிர்ந்து, கண்ணாடியெங்கும் பொன்னொளி பரப்பி, நடுங்கி நின்ற விருந்தினர் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாய்க் கழற்றச் செய்து, சூளுரை காத்த செம்மலின் வெண்ணீற்று மேனியில் வெற்றித்திலகமெனச் சுடர்ந்தது. முகுந்தும் கைகளை நீட்டிக் குளிர்காய்ந்தான். தாமரைச்செல்வி மட்டும் தீயைப் பார்க்கவில்லை. கரண்டியால் பொங்கலின் மேற்பரப்பை மெல்ல விலக்கிப் பார்த்தாள், கரண்டியைக் கீழே வைத்தாள், போனை எடுத்தாள்.

அன்று மதியம் எல்லோரும் பீட்சா சாப்பிட்டார்கள்.